பிரான்சின் பொது நீச்சல் குளங்களில் உடை விதிகள்

பிரான்சின் நகராட்சி நீச்சல் குளங்களில் ஆண்கள் உடலை ஒட்டிய நீச்சலுடையே அணிய வேண்டும். முழங்கால்வரை தொங்கும் தொளதொள அரைக்கால்சட்டைக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பெரும்பாலான குளங்களில் நீச்சல் தொப்பியும் கட்டாயம். குளிக்கும் ஷவரும் கால் கழுவும் தொட்டியும் இருக்க வேண்டும் என்பது தேசியச் சுகாதார விதி. உடையை முடிவு செய்வதோ அந்தந்தக் குளத்தின் உள்விதி.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ்வாசிகள் சேன் ஆற்றில் மிதந்த குளியல் கூடங்களில் நீந்தினர். 

பின்னர், சுகாதாரம் விதியாக வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது, பாரிஸின் 13-ஆம் வட்டாரத்தில் 1924-இல் திறக்கப்பட்ட பியூத்-ஓ-காய் குளம். லூயி போனியே வடிவமைத்த இந்தச் செங்கல் கட்டடத்துக்குள் வெண்ணிறக் கான்கிரீட் வளைவுகள் உயர்ந்து நிற்கின்றன. 1860-களில் தோண்டத் தொடங்கி 1904-இல்தான் முடிந்த ஆர்ட்டீசியன் கிணறு, இக்குளத்துக்கு ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில் இளஞ்சூட்டு நீரைத் தந்தது. குளிர்நாட்டில் அது எளிதில் கிட்டாத கொடை. நீரில் இறங்குமுன் குளித்து, கால் கழுவும் தொட்டியைக் கடந்து வருவது இங்கே கட்டாயமானது. இன்றைய உடை விதி அந்த ஒழுங்கின் நீட்சி என்று கருத இடமுண்டு.

நீச்சலுடையின் வரலாறும் குளங்களோடு பிணைந்தது: 1929-இல் திறக்கப்பட்ட மொலித்தோர் குளத்தில்தான் 1946 ஜூலை 5 அன்று லூயி ரெயார் வடிவமைத்த பிகினி அறிமுகமானது. நடனக்கலைஞர் மிஷ்லின் பெர்னார்தினி அதை அணிந்து காட்டினார்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பிரெஞ்சு நீச்சல் அணி கண்ட பின்னடைவும் நீரில் மூழ்கிய உயிரிழப்புகளும் '1000 குளங்கள்' என்ற அரசுத் திட்டத்துக்கு வழிவகுத்தன. 1970-களில் எழுந்த 'சூரியகாந்தி' குளங்கள் இத்திட்டத்தின் அழகிய படைப்புகள்: பெர்னார் ஷோலர் வரைந்த குவிமாடம், வட்டச் சாளரங்கள், வெயில் நாளில் நகர்ந்து திறக்கும் கூரை. 180-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து நீச்சல் கற்றபோது, குளத்து ஒழுங்கும் ஊருக்கு ஊர் பரவியது.

தெருவில் அணிந்த அரைக்கால்சட்டையோடு நீரில் இறங்கினால் தூசியும் மணலும் சேர்ந்து வரும் என்பது விதியை ஆதரிப்போர் வாதம். வியர்வை, சிறுநீர் போன்றவை குளோரினோடு வினைபுரிந்து குளோரமீன்களை உண்டாக்குகின்றன. குளத்துக்கே உரிய அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் பெரிதும் காரணம் அவையே. ஆனால் ஜெர்மனி, இங்கிலாந்துக் குளங்களில் தளர்ந்த உடை சாதாரணம். எனவே உடையின் நீளம் நீரின் தூய்மையை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை.

2004-இல் ஆஸ்திரேலியாவின் அஹீதா ஸனெட்டி உருவாக்கிய, உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையான புர்கினி இவ்விவாதத்தைச் சமயத்தின் பக்கம் திருப்பியது. ரென் நகரம் 2018-இல் அதற்கு இடம் தந்தது. கிரெனோபில் நகரமன்றம் 2022 மே 16 அன்று புர்கினியை அனுமதிக்கும் வகையில் உள்விதியைத் தளர்த்தியது. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஜூன் 21 அன்று அந்த மாற்றத்துக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த இடைநிறுத்தத்தை உறுதி செய்தது.