இதயத்தின் பக்கவாசல்

இ.சி.ஜி. தாளில் ‘டபிள்யு.பி.டபிள்யு.’ என்று எழுதியிருந்தால் என்ன பொருள் என்று நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று எழுத்தும் மூன்று டாக்டர்கள்: உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட். 1928 ஏப்ரலில் பாஸ்டனில் பால் டட்லி ஒயிட்டிடம் 35 வயதுக்காரர் ஒருவர் வந்தார். அடிக்கடி படபடப்பு, மற்றபடி திடகாத்திரம். இ.சி.ஜி. மட்டும் கோணலாக இருந்தது. உடற்பயிற்சி செய்யவைத்து எடுத்தால் சரியாகிவிட்டது! ஒயிட்டும் உதவியாளர் உல்ஃபும் இப்படிப்பட்டவர்களைத் தேடினார்கள். லண்டனிலிருந்து பார்க்கின்சனும் சேர்ந்துகொண்டார். 1930இல் 11 பேரைப் பற்றி எழுதினார்கள். காரணம்தான் பிடிபடவில்லை.

2019இல் அத்தி வரதரைப் பார்க்க 48 நாளும் வந்த கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி உள்ளே விட்டார்களே, நினைவிருக்கிறதா? இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே அப்படி ஒரு வாசல் உண்டு. 1906இல் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் அதை விவரித்தார். மின்துடிப்பு அங்கே சற்று நின்றுதான் கீழே இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கவாசலும் இருக்கும். அங்கே நிறுத்த ஆளில்லை.

அதனால் தாளில் பி அலைக்கும் கியூ.ஆர்.எஸ். தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி 0.12 வினாடிக்கும் கீழே போகும். விறுவிறுவென ஏறவேண்டிய கோடு அடியில் சாய்ந்து தொடங்கும். இதுதான் டெல்டா அலை. கியூ.ஆர்.எஸ். அகலமாகும். 1932இல் ஹோல்ட்ஸ்மான், ஷெர்ஃப் இருவரும் பக்கவாசல்தான் காரணம் என்றார்கள். அது தசை இழையாக நுண்ணோக்கியில் சிக்கியது 1943இல். என்னைக் கேட்டால் பெயரில் இவர்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

பலருக்கு இதனால் தொல்லையே இல்லை. ஆனால் மேலறை ஒழுங்கில்லாமல் நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடிக்கும்போது, பக்கவாசல் வழியே அத்தனையும் கீழே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் வெரபமில் போன்ற வழக்கமான மருந்துகள் நிலைமையை மோசமாக்கும். அதனால்தான் டாக்டர் தாளைச் சரியாகப் படிப்பது முக்கியம்.

1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சீலி ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து அந்த இழையை வெட்டினார். 1990களிலிருந்து தொடை ரத்தநாளம் வழியாகக் குழாய் விட்டுச் சுட்டு அடைத்துவிடுகிறார்கள்.

ஒயிட்டிடம் 1952இல் படித்தவர் நம் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போரின்போது கோயம்புத்தூருக்கு வந்து, பிறகு டெல்லியில் இதய மருத்துவத்தை வளர்த்தவர். 2020இல் 103 வயதில் காலமானார்.

திடீர்ப் படபடப்போ மயக்கமோ வரும் பிள்ளைகள் இருந்தால், டாக்டரிடம் போகும்போது பழைய இ.சி.ஜி. தாள்களையும் கையோடு கொண்டு போங்கள். சிலருக்கு டெல்டா அலை ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது.