பள்ளி என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் திருக்குறளின் பேதைமை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். அதன் இறுதிக் குறள், 840-ஆவது, சான்றோர் கூட்டத்தில் பேதை புகுவதைக் கழுவாத காலைப் பள்ளியில் வைப்பதற்கு ஒப்பிடுகின்றது. பொருள் சொல்லுமாறு கேட்டபோது, கடற்கரை ஊரொன்றிலிருந்து வரும் முஸ்லிம் மாணவி எழுந்து, 'கால் கழுவாமல் பள்ளிக்குள் போகக்கூடாது ஐயா, அதைத்தான் சொல்கிறார்' என்றார். அவர் சொன்ன பள்ளி தொழுகைப் பள்ளி. வகுப்பு சிரித்தது. நாமும் புன்னகையோடு, 'இல்லையம்மா, இங்கே பள்ளி என்பது படுக்கை' என்று திருத்தி, அடுத்த அதிகாரத்திற்குப் போய்விட்டோம். அந்தப் புன்னகை சரிதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

பரிமேலழகர் அவ்விடத்துப் பள்ளியை அமளி என்றே கொள்கிறார். பிற்கால உரைகளும் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி முதலியவற்றில் இன்றும் வழங்குவது அப்பொருளே. ஆனால் கிடைக்கின்ற சான்றுகளுள் மிகப் பழையதொன்றைத் தேடிப் போனால் நாம் சென்று நிற்குமிடம் படுக்கையறையன்று, மதுரைக்கு அருகே மாங்குளத்து ஓவாமலைக் குகை. அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டு, கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்காக நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி செய்வித்ததைக் கூறுகின்றது. ஐராவதம் மகாதேவன் இதனைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டினதாகக் கணித்தார். இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாக எழுதுவது அக்கால வழக்கமாதலால் 'பளி' என்றே அங்கு வெட்டப்பட்டுள்ளது.

அக்குகையில் துறவிக்குச் செய்துகொடுத்தது என்ன? பாறையை வழவழப்பாகச் செதுக்கி, சில இடங்களில் தலைப்பக்கம் சற்றே மேடாக விட்ட கற்படுக்கைகள்தாம். உடைமை ஏதுமில்லாத துறவிக்குப் படுக்குமிடமே உறைவிடம். படுக்கை, உறைவிடம் என இன்று நாம் பிரித்தெண்ணும் இரு பொருளும் அக்கல்லில் பிரியாமல் கிடக்கின்றன. இது நம் கற்பனையன்று என்பதற்கு மதுரைக்காஞ்சி துணைநிற்கும். சமணர் உறையும் இடத்தை அப்பாட்டு 'சேக்கை' என்கிறது. சேக்கையும் படுக்கைக்கும் பறவைக்கூட்டுக்கும் உரிய சொல்லேயாம்.

அதே மதுரைக்காஞ்சி பௌத்தரின் இடத்தைக் கடவுட்பள்ளி என்றும், அந்தணரின் இடத்தை அந்தணர் பள்ளி என்றும் கூறுவதைக் கருதவேண்டும். பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் சமணரூர் என்று முடிவுகட்டுவோர் நம்மிடையே உண்டு. சிராப்பள்ளிக் குன்றின் கற்படுக்கைகள் அவர்களுக்குச் சான்றாகலாம். எல்லா ஊருக்கும் ஆகா. முல்லை நிலத்துச் சிற்றூருக்கும் பள்ளி என்று பெயர். தெலுங்கில் பல்லெ, கன்னடத்தில் ஹள்ளி (நம் பால் அங்கே ஹாலு ஆவதுபோல) என்பன சிற்றூரையே குறிக்கின்றன. ஆகவே, தங்குமிடம் என்ற பொதுப்பொருளே அடிப்படை, துறவியின் உறைவிடம் அதன் ஒரு கிளை என்பது நம் கருத்து. பள், பள்ளம் என்பவற்றோடு இதனை இணைத்து, தாழ்ந்து கிடத்தலே வேர் என்பாரும் உளர். அழகிய விளக்கந்தான், எனினும் பர்ரோ-எமனோ அகராதி இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கின்றது.

சோழர் காலத்தில் சமண, பௌத்த நிலையங்களுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். முதலாம் குலோத்துங்கன் காலச் செப்பேட்டில் அது இராசராசப் பெரும்பள்ளி எனப்படுகின்றது. அதே சோழர்தாம் தம் முன்னோரின் சமாதிக் கோயிலைப் பள்ளிப்படை என்றனர். ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் இராசராசன் எடுத்ததும், பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியில் இராசேந்திரன் எடுத்ததும் பள்ளிப்படைகளே. அரசன் இறந்தான் என்னாமல் துஞ்சினான் என்னும் மரபில், சாவும் ஒரு பள்ளிகொள்ளலாகிவிடுகின்றது. படுக்கைப் பொருள் இங்கே மீண்டும் மேலெழுவதைக் காண்க.

மலைநாட்டில் இச்சொல் இன்னும் தாராளமாக வாழ்ந்திருக்கிறது. அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியவை அங்கே பள்ளி என்னும் அடை பெற்றன: பள்ளிவாள், பள்ளிவேட்டை, பள்ளியுணர்த்தல். அரச கட்டிலிலிருந்து கிளைத்த வழக்கு என்று கொள்ள இடமுண்டு. கி.பி. 849-இல் வேணாட்டு ஐயனடிகள் கொல்லத்துக் கிறித்தவக் கோயிலுக்கு அளித்த செப்பேடு தரிசாப்பள்ளிச் செப்பேடு என்றே வழங்குகின்றது. அதன் சாட்சிகள் அரபு, பாரசீகம், எபிரேயம் ஆகியவற்றின் எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் அவ்வூர் மக்களுக்கு யூதப்பள்ளியே.

தமிழகத்துக் கிறித்தவர் கோயில், ஆலயம் என்ற சொற்களின்பால் சென்றனர். முஸ்லிம்கள் பள்ளியைக் கைவிடவில்லை. பாண்டியர் காலத் திருப்புல்லாணிக் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகரின் பிழார்ப்பள்ளியைக் குறிப்பிடுகின்றது. துறவியர் கற்பித்தமையால் அவர்கள் உறைவிடம் கல்விச்சாலையின் பெயராயிற்று என்பர்; பொருந்துவதே. ஈழத்தில் அரசு வழக்கில் கல்விச்சாலைக்குப் பாடசாலை என்றே பெயர். நம்மூரில் பாடசாலை என்றால் வேதபாடசாலையே முதலில் நினைவுக்கு வருகின்றது.

இனி அந்த மாணவிக்கு வருவோம். வள்ளுவர் மசூதியைக் கருதியிருக்க முடியாது, காலம் இடந்தராது. ஆனால் அவர் காலத்தில் பள்ளி என்ற சொல் துறவியர் உறைவிடத்தையும் குறித்தது. சான்றோர் குழுவுக்கு உவமையாக நிற்க ஒருவனது படுக்கையைவிட அறவோர் கூடியிருக்கும் தூய இடம் பொருத்தமற்றதா? உரையாசிரியரை மறுக்கும் துணிவு நமக்கில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பொருளொன்றை அன்றாடப் பேச்சில் காத்துவந்த வீட்டிலிருந்து வந்தவர் அவர். சிரித்தவர்களுக்கும் திருத்திய நமக்கும் அப்பொருள் மறந்திருந்தது.

அவர் படிப்பை முடித்துச் சென்றபின்தான் இது நமக்கு விளங்கியது. மறு ஆண்டு அதே குறளை நடத்தியபோது, பரிமேலழகர் பொருளைச் சொல்லி, அதனோடு, 'முன்பு இவ்வகுப்பில் ஒரு மாணவி சொன்ன பொருள்' என்று அதனையும் கூறினோம். பின் வரிசையிலிருந்து ஒருவர், 'தேர்வில் எதை எழுதுவது ஐயா?' என்றார். அமளி என்றே எழுதச் சொன்னோம்.