பினாங்கு நகர மன்றமும் தமிழ் இளைஞரின் அரசியல் பிரவேசமும்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்த தமிழருள் எத்தனையோ பேர் மலாயாவில் முதன்முதலாகக் கால் வைத்த மண் பினாங்குத் தீவு. சாலை போடுவது, சாக்கடை வெட்டுவது, துறைமுகத்தில் மூட்டை சுமப்பது, ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் துணி வெளுப்பது, மார்க்கெட் தெருவில் கடை வைப்பது, லேவாதேவி நடத்துவது என்று ஜார்ஜ் டவுனின் அன்றாட ஜீவனத்தில் பெரும் பங்கை ஏற்றிருந்த இந்தச் சமூகத்தின் இளைஞர், அந்நகரத்தை ஆளும் சபைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தனர், அந்த வழி பின்னர் எவ்வாறு அடைபட்டது என்பது மலேசியத் தமிழர் சரித்திரத்தில் தனியே எழுதத் தக்க விஷயம்.

1857-ஆம் ஆண்டிலேயே வரி செலுத்துவோர் வாக்களித்து நகராண்மை ஆணையாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1913-இல் காலனி அரசாங்கம் அதை ரத்து செய்து, நியமனத்தை ஏற்படுத்திற்று. அதன்பின் ஏறக்குறைய நாற்பது வருஷ காலம், செல்வமும் துரைமார் நட்பும் உடையவர்களுக்கே நகராண்மை மண்டபத்தில் நாற்காலி கிடைத்தது. சாமானியத் தமிழனுக்கு அங்கே இடமில்லை.

இடமில்லாத அந்தக் காலத்தில் தமிழ் இளைஞர் பொதுவாழ்வைக் கற்ற பாடசாலைகள் வேறு. 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் ஆலயத்தைச் சுற்றியும், வாசகசாலைகளிலும், சபைகளிலும், தொழிற்சங்க அறைகளிலும் அவர்கள் பேசவும் கணக்கு வைக்கவும் கூட்டம் நடத்தவும் பழகினார்கள். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் வந்து இறங்கியபோது, சீர்திருத்தப் பேச்சுக்கு அங்கே செவிகள் ஆயத்தமாக இருந்தன. ஆயினும் மேடைப் பிரசங்கத்தைக் காட்டிலும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது மனு எழுதும் தொழிலேயாகும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கூலிக்காரனுக்காக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையென்றும், மலவாளி எடுக்கும் ஆள் வாரக்கணக்கில் வரவில்லையென்றும் நகராண்மை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் நேரிலே போய்க் கேட்க வேண்டும். நாலு எழுத்துப் படித்த வாலிபன் எவனோ அவன் வீட்டுத் திண்ணையில், அந்தி வேளையில், கைரேகை வைப்பதற்கென்று ஜனங்கள் காத்திருந்தார்கள். சமூக ஊழியம் என்பது அவர்களுக்கு அந்தத் திண்ணையில்தான் அறிமுகமாயிற்று.

யுத்தம் முடிந்து, சுயராஜ்யக் காற்று மலாயாவிலும் வீசத் தொடங்கிய பிறகு, 1951 டிசம்பர் 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் மீண்டும் தேர்தல் நடந்தது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்ற மூன்று வட்டாரங்களிலிருந்து ஒன்பது உறுப்பினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுத்தனர். எஞ்சிய ஆறு பேர் நியமனம் பெற்றனர். 1956-இல் நியமனமும் நீங்கி, உறுப்பினர் அனைவரையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ராணியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. மலாயாக் கூட்டரசில் அந்த அந்தஸ்தைப் பெற்ற முதல் நகரம் அதுவே. தொழிற் கட்சியைச் சேர்ந்தவரும் ஆசிரியராக இருந்தவருமான டி. எஸ். ராமநாதன் அதன் முதல் மேயரானார். நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்கள் முன்னதாகவே, பிரஜைகளின் வாக்கினால் வந்த ஓர் இந்தியர், பாடாங் கோத்தாவின் கடலோரத்து வெள்ளை மன்ற மாளிகையில், துரைமார் வீற்றிருந்த ஆசனத்தில் அமர்ந்தார். முன்பு ஸ்காட் சாலை என்றிருந்த வீதி இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அந்த மன்றம் பெயரளவில் இருந்த சபையன்று. மின்சாரமும் தண்ணீரும் பேருந்தும் அதன் பொறுப்பு. மாநில அரசின் வருமானத்தையும் அதன் வருமானம் மிஞ்சியிருந்தது. சில தெருக்கள் அடங்கிய ஒரு வட்டாரத்தில் நிற்பவனுக்குப் பெரிய பணமோ பெரிய கட்சியின் அனுக்கிரகமோ அவ்வளவாக வேண்டியதில்லை; அந்தத் தெருக்காரர்களின் முகம் தெரிந்திருந்தால் போதும். திண்ணையில் மனு எழுதியவன் மன்றத்துக்குள் நுழைந்து அந்த மனுவுக்குப் பதில் சொல்லக்கூடிய வாய்ப்பு, தமிழ் இளைஞனுக்கு அந்தச் சில வருஷங்களிலேதான் கிடைத்தது.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி, உள்ளூராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு ஜார்ஜ் டவுன் மன்றத்தின் அதிகாரங்களும் மாநில முதலமைச்சரிடம் சென்றன. உள்ளூராட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன் என்ற தமிழர். ஆளுங்கூட்டணியைச் சேர்ந்தவராயிருந்தும், அவருடைய குழு 1968-இல் அளித்த அறிக்கை, தேர்தல்களை மீண்டும் நடத்த வேண்டுமென்றே சிபாரிசு செய்தது. அந்த நேர்மைக்காக அவரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். அரசாங்கமோ அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் தேர்தலை அறவே அகற்றிவிட்டது.

இதனால் நேர்ந்த நஷ்டம் எல்லா இனத்தாருக்கும் உண்டு. எனினும் தமிழருக்கு அது அதிகமென்பது என் திடமான அபிப்பிராயம். மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக வாழும் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே மாநிலச் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக விரும்பும் இளைஞன், தன் தெருக்காரரிடம் போவதற்கு முன் ஒரு கட்சித் தலைமையிடம் போக வேண்டியவனாகிறான். தொழிற்சங்கவாதியான வி. டேவிட் இருபதுகளிலேயே நாடாளுமன்றம் கண்டவர். 1969-இல் கெராக்கான் கட்சி பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16-ஐ வென்று ஆட்சியைப் பிடித்த அதே தேர்தலில், டத்தோ கெராமாட் நாடாளுமன்றத் தொகுதியில் அவரும் வென்றார். அவருக்குத் தொழிலாளர் படை பின்னால் இருந்தது. அப்படி ஏதும் இல்லாதவனின் கதி வேறு.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் உரிமை கோரிய இண்ட்ராஃப் இயக்கத்தார் திரண்டதும், மறு ஆண்டு மார்ச் 8-இல் பினாங்கில் ஆட்சி மாறியதும் நாம் அறிந்தவை. பேராசிரியர் பி. ராமசாமி, பிறை சட்டமன்றத் தொகுதியில் வென்று, இரண்டாம் துணை முதலமைச்சரானார். மலேசிய மாநிலம் ஒன்றில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவர். ஆனால் 2009-இல், மாடு வளர்த்துப் பால் கறந்து தலைமுறைகளாக வாழ்ந்த புவா பாலா கிராமத் தமிழர், முந்தைய ஆட்சியில் கைமாறிய நிலத்துக்காக நீதிமன்றத்தில் தோற்று வீடுகளை இழக்க நேர்ந்தது. மாற்று வீடுகள் தரப்பட்டன என்பது மெய்யே. எனினும் நிலம் கைமாறும் தருணத்தில், அந்தத் தெருவின் வாக்கினால் வந்த ஒருவன் நகர மன்றத்தில் இருந்திருப்பானாகில், விஷயம் முன்னதாகவே வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

2012-இல் பினாங்கு மாநில அரசு உள்ளூராட்சித் தேர்தலை மீட்கத் தானே ஒரு சட்டம் இயற்றிற்று. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியை நிராகரித்தது. மறு ஆண்டு தீவு முழுவதற்கும் மாநகர அந்தஸ்து வந்து, மேயர் பதவியும் திரும்பியது. அந்த மேயரும் நியமனம் பெற்றவர்; அவரோடு அமரும் 24 உறுப்பினரும் மாநில அரசின் நியமனமே. குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிவிட்ட பாட்டியையும், பிறப்புப் பத்திரமில்லாத பேரனையும் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துக்கொண்டு அலையும் இளைஞர் இன்றும் பினாங்கில் இருக்கிறார்கள். பதினெட்டு வயதிலேயே வாக்குரிமை பெற்ற அவர்கள், தாங்கள் உழைக்கும் தெருக்காரரிடம் தங்களுக்கென்று ஒரு வாக்கைக் கேட்க வேண்டுமாயின், சட்டமன்றத் தேர்தல் வரும்வரையிலும், அதற்கும் முன்னால் ஒரு கட்சி தங்கள் பெயரை வாசிக்கும்வரையிலும் காத்திருக்கிறார்கள்.