சித்திரவதை

சித்திரம், வதம் என்ற இரு வடசொற்களின் கூட்டு. இங்கே சித்திரம் என்றால் ஓவியம் அல்ல, பலவிதம். வதம் என்றால் கொலை. அர்த்தசாஸ்திரம் மரண தண்டனையைச் 'சுத்தம்', 'சித்திரம்' என்று பிரிக்கிறது: நேராகக் கொல்வது ஒன்று, வதைத்துக் கொல்வது மற்றொன்று. அதாவது அன்று இச்சொல் தண்டனையைக் குறித்தது; இன்று தீர்ப்புக்கு முன்பே, பிடிபட்டவரின் வாயைத் திறக்கச் செய்வதையே பெரும்பாலும் குறிக்கிறது. தண்டனைக்காவது குற்றம் என்ற ஒன்று நிரூபணமாக வேண்டும். இதற்குச் சந்தேகமே போதும்.

சத்தியமங்கலம் தாண்டினால் வரும் காடுகளில் இந்தப் பொருள்மாற்றம் நடந்தேறியது. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையில் வைத்திருந்த விசாரணைக் கூடத்துக்கு 'வொர்க் ஷாப்' என்று பெயர். தலைகீழாகத் தொங்கவிட்டதையும், காதுமடலில் கிளிப் மாட்டி மின்சாரம் பாய்ச்சியதையும் மலைமக்கள், இப்புகார்களை விசாரித்த சதாசிவா குழுவிடம் சொன்னார்கள். 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு அளிக்கச் சொன்னது. கொலைகாரனைப் பிடிக்க வேறு வழி ஏது என்று கேட்பவர்கள் உண்டு; அவன் கையில் உயிரிழந்தவர்களை நினைத்தால் அந்தக் கேள்வியின் ஆத்திரம் நியாயமானதே. ஆனால் 2004 அக்டோபரில் அவனைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது நம்பிக்கை பெற்று உள்ளே நுழைந்த உளவாளிகளும் ஓர் ஆம்புலன்ஸ் வண்டியும்தான்.