நெறி தேடிய வரலாறு

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்த உண்மையாகும். ரெங்கத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிய மக்கள் இதனை எந்த மருத்துவ நூலிலும் படித்தவரல்லர். புண் பாதத்தில், வீக்கமோ தொடையிடுக்கில். இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு வழி உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நெறி என்னும் சொல்லுக்கு வழி என்ற பொருளும் இருப்பது எண்ணி மகிழத்தக்கது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வழியை மருத்துவ உலகம் படம்பிடித்துக் கண்ட வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

உடலெங்கும் நிணநீர் என்னும் தெளிந்த நீர் நுண்குழாய்களில் ஓடுகிறது. அக்குழாய்களின் இடையிடையே அவரை விதை போன்ற கணுக்கள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அவை கூட்டமாக இருக்கும். கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் இக்கணுக்களே கொடிய தோல் புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் தங்கும் இடங்களாகின்றன. மெலனோமா என்னும் கரும்புற்றும், 1972இல் டோக்கர் என்பார் முதன்முதலில் விளக்கிய மெர்க்கல் உயிரணுப் புற்றும் இவ்வகையின.

தோல் புற்று வெள்ளையர்க்கே உரிய நோய் எனக் கருதுவோர் உளர். கரிய தோலினர்க்குக் கரும்புற்று அரிதே. எனினும் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் மிகுதியாகத் தோன்றுகிறது. புகழ்பெற்ற ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்ட இந்நோய், 1981இல் அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 36.

இத்தாலிய அறிஞர் அசெல்லி 1622இல், உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது குடலருகே வெண்ணிற இழைகளைக் கண்டார். நிணநீர்க் குழாய் ஆய்வின் தொடக்கம் அதுவே. பின்னர், பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் சப்பே, இறந்தோர் உடலில் பாதரசத்தைச் செலுத்தி அக்குழாய்களை வரைந்து, 1874இல் பெருநூலாக வெளியிட்டார். தொப்புள் மட்டத்திற்கு மேலுள்ள தோலின் நிணநீர் அக்குளுக்கும், கீழுள்ளது தொடையிடுக்கிற்கும் செல்லும். வலப்பக்கத்தது இடப்பக்கம் போகாது என்பது அவர் வகுத்த விதி. ஒரு நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் அதனையே நம்பினர்.

1892இல் இலண்டன் மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்நோ, கரும்புற்றை அகற்றும்போதே அதன் கணுக்களையும் முன்கூட்டி அகற்றிவிட வேண்டுமென வலியுறுத்தினார். நோக்கம் நன்று, விளைவோ பலருக்குத் துன்பமாயிற்று. கணுக்களை இழந்த காலில் நிணநீர் தேங்கி, வாழ்நாள் முழுதும் வீக்கம் நிலைப்பதுண்டு. உழைத்துண்ணும் ஒருவருக்குக் கால் எத்துணை இன்றியமையாதது! கணுவில் நோயே இல்லாதவர்களும் இத்துன்பத்தை ஏற்க நேர்ந்தது. நோயுள்ள கணு எதுவென முன்னரே அறிய இயலாதா என்ற வினா எழுந்தது.

விடை படமாக வந்தது. 1952இல் இலண்டன் மருத்துவர் கின்மன்த், பாதத்தோலில் நீலச்சாயம் ஏற்றிக் குழாயை அடையாளம் கண்டு, அதனுள் மருந்து செலுத்தி, உயிருள்ள மனிதரின் நிணநீர் வழியை எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டினார். மறு ஆண்டில், ஷெர்மனும் டெர்-போகோசியனும் கதிரியக்கத் தங்கத்துகள் கணுக்களில் சேர்வதை எடுத்துரைத்தனர். பின்னர்த் தங்கத்தின் இடத்தை டெக்னீசியம் பெற்றது. ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் அதன் கதிரியக்கம், நோயாளிக்குத் தீங்கைக் குறைத்தது.

அதே 1952இல்தான் அடையாற்றில், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி கனவு கண்ட புற்றுநோய் நிலையத்திற்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது பணி தொடங்கியது. புற்று என்றாலே சாவு என்றிருந்த தமிழ் மக்களிடையே, இந்நோயையும் எதிர்த்து நிற்கலாம் என்ற நம்பிக்கையை விதைத்த இடம் அது. 1956இல் டிராம்பேயில் அப்சரா அணுவுலை இயங்கத் தொடங்கியதும், மருத்துவத்திற்கான கதிரியக்கப் பொருள்களை இந்தியா தானே ஆக்கிக்கொள்ள வழி பிறந்தது.

காமா ஒளிப்படக் கருவியின் முன் நோயாளிகள் படுத்தபோது சப்பேயின் விதி ஆட்டங்கண்டது. முதுகின் ஒரே இடத்திலிருந்து இரு அக்குள்களுக்கும் நிணநீர் செல்லக் கண்டனர். தொப்புளுக்குக் கீழிருந்து மேலேறுவதையும் கண்டனர். இறந்த உடலில் வகுத்த பொது விதி, உயிருள்ள ஒவ்வோர் உடலுக்கும் பொருந்தவில்லை. ஒவ்வொருவர்க்கும் தனி வரைபடம் தேவை என்பது புலனாயிற்று.

அந்த வரைபடத்தில் முதற்கணு எது? அதுவே காவற்கணு, நோய் அதனைக் கடந்தே அப்பால் செல்லும் என்ற கருத்தைக் கபனாஸ் 1977இல் ஆண்குறிப் புற்றில் நிறுவினார். 1992இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டன், 223 கரும்புற்று நோயாளிகளிடம் நீலச்சாயத்தால் காவற்கணுவைத் தேடிய முடிவுகளை வெளியிட்டார். மறு ஆண்டில், அலெக்சும் கிராகும் கையடக்கக் காமா உணர்கருவியால் கணுவின் இருப்பிடத்தைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். இன்று முப்பரிமாணக் காமாப் படமும் கணினி வெட்டுப் படமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டு, கணு எந்தத் தசைக்கு அருகில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதையும் காட்டுகின்றன.

ஒன்றை ஈண்டுத் தெளிவாக்குதல் வேண்டும். இப்படம் கணுவின் இடத்தையே காட்டும். அதனுள் நோய் உண்டா என்பதை நுண்ணோக்கியே சொல்லும். மெர்க்கல் புற்றில், கையால் தடவி எதுவும் அறிய இயலாதோருள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் காவற்கணுவில் நோய் ஒளிந்திருக்கிறது. பெட் படமும் அத்துணை நுண்ணிய நோயைத் தவறவிடக்கூடும்.

2017இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, காவற்கணுவில் கரும்புற்று காணப்பட்டோரிடம் எஞ்சிய கணுக்களையும் உடனே அகற்றுவது ஆயுளை நீட்டவில்லை எனக் காட்டியது. அவ்வாறு அகற்றப்பட்டோருள் நூற்றுக்கு 24 பேருக்கு வீக்கம் வந்தது. கண்காணிப்பில் மட்டும் இருந்தோருள் 6 பேருக்கே வந்தது. ஸ்நோ காலத்து வினாவுக்கு 125 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது.

நூல் சொன்ன விதியை நேரில் கண்டு சோதித்தோரால் இவ்வழி திறந்தது. மாணவர்க்கு இதனினும் சிறந்த அறிவியல் பாடம் வேறில்லை. ஆயினும் எந்தக் கருவியும் நம் வீடு தேடி வந்து உள்ளங்காலைப் பார்ப்பதில்லை. ஆறாத புண்ணோ, பரவும் கருமறுவோ பாதத்தில் தோன்றினால், நெறி கட்டும்வரை காத்திராமல் மருத்துவரை நாடுவோமாக. வழியைக் கண்டறிந்து தந்தோர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.