அலை மறைத்த இரைச்சல்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டுக்குச் சற்று முன்னால் வருகிற கடலோர ஊர் பிள்ளைச்சாவடி. 1980களின் நடுவில் அங்கே பொறியியல் கல்லூரி வந்தது. 1990களின் தொடக்கத்தில் அவ்வூரில் அறையெடுத்துத் தங்கியிருந்த நாங்கள் நால்வர் ஒரே வாக்மேனைப் பங்கு போட்டுக்கொண்டோம். அதன் ஒலித்தரம் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை. 'துளி இரைச்சல் இல்லை' என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தோம். விடுமுறைக்கு உள்நாட்டு ஊர்களுக்குத் திரும்பி, இரவில் அதே கேசட்டை அதே கருவியில் கேட்டபோது, பாட்டுக்கு அடியில் இடைவிடாமல் ஒரு 'ஸ்ஸ்' ஓடியது. கருவி கெட்டுவிட்டது என்றே எண்ணினோம். கெட்டது கருவியன்று; பிள்ளைச்சாவடியில் கடல்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தது என்பது புரியப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த இரைச்சல் கேசட்டோடு பிறந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டபோது, சங்கீதத்தைவிடப் பேச்சைப் பதிவதுதான் அதன் முதல் நோக்கமாக இருந்தது. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடா, நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட நகராது. அவ்வளவு குறுகிய, மெதுவான பாதையில் எழுதப்படும் ஒலியோடு காந்தத் துகள்களின் சலசலப்பும் சேர்ந்தே வரும். சோனி நிறுவனம் 1979 ஜூலையில் ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இந்தக் குறையும் சட்டைப்பைக்குள் ஏறியது. முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அதை உருவாக்கியவர்கள் கருதினார்களாம். எங்கள் அறைக்கு அப்படிப்பட்ட ஒன்று வாய்த்திருந்தால் பல சண்டைகள் மிஞ்சியிருக்கும்.

அன்று நாம் தரத்தை எதைக்கொண்டு அளந்தோம்? நேரு வீதிக் கடைகளில் நாங்கள் கண்டவரை ஒரே அளவுகோல்தான்: ஒலியைக் கூட்டி வைப்பது. 1992க்குப் பிறகு 'ரோஜா' கேசட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அடித்தொனி நெஞ்சில் இடித்தால் நல்ல கருவி. இரண்டு கருவிகளில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தாலும் காது அதைத் 'தெளிவு' என்று பெயர் மாற்றிக்கொள்ளும் என்பதையோ, ஒப்பிடுமுன் இரண்டின் ஒலியளவையும் சமன் செய்ய வேண்டும் என்பதையோ யாரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் வேறு விதமாகச் சோதிப்பார். சிறிது வாய்ப்பாட்டுப் பயிற்சி உடையவர் அவர்; பாடகரை விட்டுவிட்டுத் தம்பூராவைக் கேட்பார். மோட்டார் சீராக ஓடாவிட்டால் முதலில் அசைவது தம்பூராதான். பேட்டரி தளர்ந்து வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால், ஐந்தரைக் கட்டையில் பாடுபவர் ஐந்துக்கு இறங்கிவிடுவார். பாட்டு இனிமையாகவே இருக்கும், சுருதி மட்டும் வேறாகிவிடும்.

கடல் எங்களுக்குச் செய்ததை அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் சிலர் கணிதமாக்கிக்கொண்டிருந்தார்கள். உரத்த ஓர் ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காதிலிருந்து மறைத்துவிடும். மறைவதைச் சேமிப்பானேன்? எம்பி3 நுட்பத்தின் மையக் கருத்து இதுதான். குறுந்தகட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் எடுக்கும் இசையை 128க்கு, அதாவது பதினொன்றில் ஒரு பங்குக்கு, அது சுருக்கியது. அவ்வணியில் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பக்கவாத்தியமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சோதனைக்கு வைத்தபோது, தொடக்கத்தில் குரல் சிதைந்து வந்தது. தனிக்குரலில் குறையை மறைக்க வேறு ஒலி ஏதுமில்லை அல்லவா? நம் சப்ளாக்கட்டையின் உறவு என்று சொல்லத்தக்க ஸ்பானியக் காஸ்டநெட்டும் இத்தகைய சோதனைகளில் பெயர்பெற்றது. சுருக்கும்போது எழும் பிழை, அடி விழுவதற்கு முன்னாலேயே மங்கலாகக் கேட்டுவிடும்.

அந்தச் சோதனைப் பட்டியலில் தம்பூரா இருந்திருந்தால் என்று நாம் நினைப்பதுண்டு. குதிரையின் வளைவும் நரம்புக்கு அடியில் செருகும் ஜீவா நூலும் சேர்ந்து எழுப்பும் மேற்சுரங்களின் செழுமை அறிவியலையே வியக்க வைத்தது. மீட்டும் இடத்தைப் பொறுத்து ஒலிக்கக்கூடாத மேற்சுரங்களும் தம்பூராவில் ஒலிப்பதை சி. வி. ராமன் 1921இல் எழுதினார். கச்சேரிப் பதிவில் அது எப்போதும் பின்னால், தாழ்ந்த ஒலியில் இருக்கும். பிட்டுகளை மிச்சம் பிடிக்கும் கணக்கு முதலில் கை வைப்பதும் அத்தகைய ஒலிகளில்தான்.

2001 அக்டோபரில் ஐபாட் 'சட்டைப்பையில் ஆயிரம் பாடல்கள்' என்று வந்தது. கேள்வி 'எப்படி ஒலிக்கிறது' என்பதிலிருந்து 'எத்தனை அடங்கும்' என்பதற்கு மாறிற்று. நாங்களும் மாறினோம். 2004 வாக்கில், கோயில் திருவிழாக்களிலும் வீட்டுக் கச்சேரிகளிலும் பதிவு செய்த அறுபது எழுபது கேசட்டுகளை 128இல் எம்பி3 ஆக்கிவிட்டு, இடத்தை அடைக்கின்றன என்று மூலங்களைக் கழித்துக்கட்டினோம். மாற்றியதைச் சரிபார்த்தோம், பேருந்தில், காற்றிரைச்சலுக்கு நடுவில். நன்றாக இருந்தது.

கடைகளில் கிடைக்கும் இசைத்தட்டுகள் அல்ல அவை, மறுபடி வாங்கிக்கொள்ள. பின்னாளில் நிசப்தமான அறையில் நல்ல ஹெட்போனில் கேட்டபோது, நாடா இரைச்சல் நீர் குமிழியிடுவதுபோல் கொப்பளித்தது. தனி ஆவர்த்தனத்தில் மோர்சிங்கின் முனை மழுங்கியிருந்தது. தம்பூரா இருந்தது என்று நமக்குத் தெரியும், அவ்வளவே.

ஒரு கேசட் தப்பியது. தம்பூராவைக் கேட்கும் நண்பர் திருப்பித் தராமல் வைத்திருந்தது. சென்ற ஆண்டு பெல்ட் மாற்றிய பழைய டெக்கில் அதை ஓட்டினோம். இரைச்சல் அப்படியே இருந்தது. பல்லவி தொடங்குமுன், பாடகர் தொண்டையைச் செருமும் அந்தச் சில நொடிகளில், தம்பூரா மட்டும் ஒலித்தது. நண்பர் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, அந்த இடத்தை மறுபடி போட்டார்.