பக்கவாதமும் பயிற்சியும்

மருத்துவம் கற்றவனல்லேன் நான். பள்ளியாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும், பக்கவாதத்தால் முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சியளிக்கும் முறையின் வரலாறு, ஆசிரியர்களும் அறிய வேண்டியதென்பது என் துணிபு.

1978-ஆம் ஆண்டில் என் தந்தையாருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. சில மாதங்களில் விரல்கள் சிறிது அசையத் தொடங்கின. அவர் கையைத் தூக்க முயலும்போதெல்லாம், "வேண்டாம் அப்பா, ஓய்வாயிருங்கள்" என்று தடுத்தோம். சோறூட்டினோம், சட்டைப் பொத்தானையும் நாங்களே மாட்டினோம். ஓராண்டிற்குள் அக்கையின் தசை வற்றி எலும்பும் தோலுமாயிற்று. முதற்கேடு மூளையில் நேர்ந்தது. உழைப்பின்றிக் கிடந்த தசை கரைந்தது இரண்டாங்கேடு. பின்னதில் எங்களுக்கும் பங்குண்டு.

இவ்வுண்மைக்குச் சான்று அன்றே இருந்தது. அமெரிக்காவில் ஆக்டன், ஃபிரான்ஸ் என்னும் இருவர், ஒருபக்கம் முடங்கிய குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவைத்து, முடங்கிய கையை இயக்கச் செய்தால் அது பெரிதும் மீளுமென்று 1917-லேயே எழுதினர். அச்செய்தி நெடுங்காலம் ஏடுகளில் உறங்கிற்று.

1959-இல் நியூயார்க் நகரக் கல்லூரிப் பேராசிரியர் பெட்ரோ பாக்-இ-ரீட்டா தமது 65-ஆம் வயதில் பக்கவாதமுற்றார். மெக்சிகோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். நான்கு வார மருத்துவமனைப் பயிற்சி பயன் தரவில்லை. குழந்தை நடை பழகும் முறையையே மகன் கைக்கொண்டார்: முதலில் தவழ்தல், அதன் பின் நிற்றல். பேராசிரியரைத் தவழவிடுவதா என்று அயலார் பழித்தனர். பாத்திரம் தேய்ப்பதும் கைக்குப் பாடமாயிற்று. ஏறத்தாழ ஓராண்டில் அவர் மீண்டும் கற்பிக்கலானார். இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, பழைய சிதைவு ஆறாமலே இருந்தது! எஞ்சிய பகுதிகளே அப்பணியைக் கற்றிருந்தன.

பயன்படுத்தாமையும் ஒரு பழக்கமாகக் கற்கப்படுகிறது என்றார் எட்வர்டு டாப் என்னும் அறிஞர். அவர் வகுத்த முறையை 222 நோயாளரிடம் சோதித்த முடிவு 2006-இல் வெளிவந்தது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் அசையக்கூடியவர்களின் நல்ல கைக்கு உறையிட்டு, இரண்டு வாரம் மற்றக் கைக்கு இடைவிடாது பயிற்சி தந்தனர். அதன் பயன் ஓராண்டிற்குப் பின்னும் நிலைத்தது.

பதற்றமும் ஆகாது. நோய் கண்ட 24 மணி நேரத்திற்குள்ளேயே எழுப்பி மிகுதியாக நடமாட வைப்பது நன்மையைக் குறைத்ததென்று, 2104 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2015-இல் காட்டியது. தொடங்கும் காலத்தையும் அளவையும் மருத்துவர் வகுக்க வேண்டும். சலியாது தொடர்வது வீட்டாரின் கடமை.

எழுத்துக் கூட்டும் சிறுவனுக்காகப் பொறுமையோடு காத்திருந்து பழகியவன் நான். என் தந்தையார் பொத்தான் மாட்டுவதற்கு ஒரு கால்மணி நேரம் காத்திருக்க அன்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் இல்லத்தில் அத்தகையவர் இருப்பின், அருகில் அமர்ந்து காத்திருங்கள்.